பத்தொன்பதாவது படி

சிறப்புக் கல்வியில் முதுகலை படிக்கச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன்பே ஆறு வருடம் சிறப்பாசிரியராக வேலை பார்த்திருந்தேன். இனிமேல் எனக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது, ஒரு பட்டம்தானே, வாங்கி வைத்தால் ஒரு காலத்துக்கு ஆகும் என்ற தலைக்கனத்தோடுதான் போனேன். கோபமும் எனக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த இரண்டு வருடத்தில் நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லோரும் ஏற்கெனவே எங்கேயோ பாடம் நடத்தியவர்கள் என்பதால் எல்லோருக்கும் எல்லோரும் சாரும் மேடமும்தான். நான் திருச்செங்கோட்டுப் பக்கம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். எங்களில் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். தினமும் ஆத்தூர்ப் பக்கமிருந்து காலைப் பேருந்தில் வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய கைப்பேசி பாடப்புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, சூடான எண்ணெயில் கடுகு பொரிவது போலத்தான் கேட்கும். அவரோ அயோத்தியாப்பட்டணம் வருவதற்குள் ஒரு பாடத்தை முடித்திருப்பார். சேலத்துக்குள் நுழையும்போது கொஞ்சம் தூங்கியும் இருப்பார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. யாராவது வகுப்பில் தங்கள் வேலையைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவ்வளவுதான். குரலில் குத்தல் இருக்காது, சிரிப்பும் இருக்காது. "பையன் இப்ப நல்லாப் புரிஞ்சுக்கறான்" என்று நான் ஒருநாள் பெருமையாகச் சொல்லி முடித்தபோதும் அதே கேள்வி வந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆறு வருட அனுபவம் என்று பதில் சொன்னேன். "சரிங்க மேடம்" என்று உட்கார்ந்துகொண்டார். அந்தச் "சரிங்க" இன்னும் மோசம்.

இரண்டாம் பருவத்தில் ஆளுக்கு ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்து பதிவேடு எழுத வேண்டும். எனக்கு வந்தது மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு பெண். பதினான்கு வயது, அறிவுசார் குறைபாடு. பேச்சு நாலைந்து சொல்தான். அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பள்ளி, அந்த வளாகத்திலேயே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு பகல் மையம். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை.

முதல் நாள் நான் போனபோது வீடு வெளியே பூட்டியிருந்தது. திரும்பலாம் என்று நினைக்கும்போது ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எனக்குக் கண்மண் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு அந்த அம்மா வேலை செய்யும் தறிப்பட்டறைக்கே போய், விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "ஏனுங்க, பெத்த பிள்ளையை ஆடு மாட்டாட்டம் அடைச்சு வெப்பாங்களா?"

அவர் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. என்மேல் கோபப்படவே இல்லை.

"பூட்டாம உட்டா ரோட்டுக்குப் போயிருதுங்க டீச்சர். ஒருக்கா லாரிக்காரர் ஒருத்தரு பிரேக் அடிச்சு நிறுத்தி, தூக்கியாந்து ஊட்டுல உட்டாருங்க. அவிங்கப்பா போர் போடற ரிக் வண்டியில வடக்க போயிட்டாருன்னா மாசக்கணக்கு ஆவுது. நான் ஆறு மணிக்கு இங்க நிக்கோணும். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது?"

கத்துவதை விட்டுவிட்டு விசாரித்தேன். அவர் காலை ஒன்பதே முக்காலுக்குப் பக்கத்துத் தறிக்காரரிடம் தன் தறியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுவார். பூட்டைத் திறந்து மகளை மையத்தில் விட்டுவிட்டு மறுபடி ஓடி வருவார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் போய் அழைத்து வருவார். பக்கத்துத் தறிக்காரர் வராத நாளில் அந்தப் பெண்ணுக்கு மையமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆறு மணிக்குப் பூட்டிய பூட்டு, மதியம்தான் திறக்கும்.

அவள் தனியாக மையத்துக்கு நடந்து போக வேண்டும், அந்தப் பூட்டு கழற்றப்பட வேண்டும். என் பதிவேட்டில் இலக்கு என்று எழுதிய இடத்தில் இதைத்தான் எழுதினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வேலையைச் சொல்லித்தர அதைத் துண்டு துண்டாகப் பிரிப்போம். ஒவ்வொரு துண்டும் ஒரு படி. கதவைத் திறப்பது, செருப்பு போடுவது, கதவைச் சாத்துவது, சந்து முனை வரை நடப்பது, தண்ணீர்த் தொட்டியருகே திரும்புவது, சாலையில் வேகத்தடை பக்கத்தில் நிற்பது, இரண்டு பக்கமும் பார்ப்பது, தாண்டுவது, பள்ளிக் கேட்டுக்குள் நுழைவது என்று பிரித்ததில் மொத்தம் பதினெட்டுப் படிகள் வந்தன. முதலில் முழங்கையைத் தொட்டு நகர்த்துவோம். பிறகு தொடாமல் சொல்வோம். பிறகு சொல்லாமல் கை காட்டுவோம். கடைசியில் எதுவும் செய்யாமல் நிற்போம். எந்த உதவியும் இல்லாமல் செய்துவிட்டால் தாளில் அந்தப் படிக்கு நேராகச் 'சுயமாக' என்று குறிப்போம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எங்கள் பிழைப்பே.

வாரம் மூன்று நாள், மூன்று மாதம் பேருந்து ஏறினேன். அந்தப் பெண் என்னை ஏமாற்றவில்லை. தொடுவதை விட்டேன், நடந்தாள். சொல்வதை விட்டேன், நடந்தாள். கை காட்டுவதையும் விட்டேன். என் தாளில் பதினெட்டுக்குப் பதினெட்டும் சுயமாக. எனக்கு நிலைகொள்ளவில்லை. "திங்கக்கிழமையிலிருந்து பூட்டு வேண்டாங்க அக்கா" என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் இனித் தறியை விட்டு இறங்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கினார்.

பாக்கியிருந்தது ஒரு சடங்குதான். கடைசி நாள் மதிப்பீட்டில் இரண்டாவது பார்வையாளர் ஒருவரும் தனியாக மதிப்பிட வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் செல்லும். பேராசிரியர் வரிசை எண்படி ஜோடி சேர்த்ததில் எனக்கு வாய்த்தவர் அந்த ஆத்தூர்க்காரர்.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். "மேடம், நடக்கறதைப் பார்த்துக் குறிக்கணும், அவரு எப்படி..." என்று இழுத்தேன்.

அவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கவனிச்சுக் குறிக்கணும்னுதான் விதி. கவனிப்பார். போயிட்டு வாங்க."

இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆறு வருடம் ஊர் ஊராகப் போய், குறைபாட்டைப் பார்க்காதீர்கள், திறமையைப் பாருங்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் பேசியவள் நான்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் போனோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில் கையை எடுத்துவிட்டு வெண்கோலை ஊன்றிச் சுவரோரம் நின்றார். பதினெட்டுப் படிகளையும் மனப்பாடமாக வைத்திருந்தார். கைப்பேசியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தட்டு தட்டிக் குறித்துக்கொள்வதாக ஏற்பாடு. அம்மாவும் பட்டறையிலிருந்து ஓடி வந்துவிட்டார், மகள் தனியாகப் போவதைப் பார்க்க வேண்டுமே.

அவள் போனாள். நான் இரண்டு அடி பின்னால், அவர் கோலைத் தட்டிக்கொண்டு எனக்குப் பின்னால். செருப்பு, கதவு, சந்து, தொட்டி, சாலை, கேட். ஒரு படி தவறவில்லை. கேட்டுக்குள் அவள் நுழைந்ததும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னது பதினெட்டும் சுயமாக. உங்களது?" என்று அவரைக் கேட்டேன்.

"பதினெட்டுலயும் உதவி இருந்துச்சுன்னு போட்டிருக்கேன் மேடம்."

ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். அவர் வேடிக்கை செய்யவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "ஏனுங்க சார், நான் தொட்டனா? ஒரு வார்த்தை பேசினனா? கையத் தூக்கினனா? உங்களுக்குத்தான் எதும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியதில் புண்ணியமில்லை, சொல்ல வந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதுதான் மேடம்" என்றார் சாதாரணமாக. "ஆனா ஒவ்வொரு படிக்கு முன்னாடியும் உங்க வளையல் ஒரு தடவ மேல ஏறுது. அதுக்கப்புறம்தான் அவ செருப்பு நகருது. வளையல், செருப்பு. வளையல், செருப்பு. பதினெட்டு தடவ."

நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். இரண்டு கண்ணாடி வளையல், ஒரு கவரிங் வளையல். அந்த நேரத்திலும் அவற்றை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் அவள் முழங்கையைத் தொட்டு நகர்த்திய காலத்தில், வளையல் இடிக்காமல் இருக்க ஒவ்வொரு தடவையும் முதலில் அதை மேலே ஏற்றிக்கொண்டு பிறகு தொடுவேன். தொடுவதை விட்டாயிற்று. வளையலை ஏற்றும் பழக்கம் மட்டும் என் கையிலேயே தங்கிவிட்டது. நான் ஒவ்வோர் உதவியாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே வந்தேன், அவள் கடைசியாக மிச்சமிருந்த அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டி வெச்சுட்டு இன்னொரு தடவ பாத்துடலாமா?" என்றார்.

அவளை மறுபடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். வளையல்களைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன். கதவுக்கு உள்பக்கம் அவளை நிற்க வைத்துவிட்டு வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்றேன்.

அவள் நகரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. புதுச் செருப்பு காலடியில் கிடந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து என் வெறும் மணிக்கட்டை விரலால் மெதுவாகத் தடவித் தேடினாள்.

என் வாழ்க்கையில் யார் திட்டியும் எனக்கு அப்படி வலித்ததில்லை.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த பூட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சரிங்க டீச்சர். நான் பூட்டிக்கறனுங்க" என்றார்.

திரும்பும் பேருந்தில் நான் ஆத்தூர்க்காரரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் யார்மேலாவது காட்டியாக வேண்டுமே. கடைசியில், "ஒத்துக்கிட்டுப் போயிருந்தா என்னங்க சார் கெட்டுப்போச்சு? அந்தக்கா மூஞ்சியப் பாத்..." என்று வாய்விட்டேன். பார்த்தீர்களா என்று கேட்க வந்து மறுபடி முழுங்கினேன்.

"திங்கக்கிழம நீங்க அங்க இருக்க மாட்டீங்க மேடம்" என்றார் அவர். "உங்க வளையலும் இருக்காது."

வேகத்தடையருகே அவள் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் பேருந்துக்கு நிற்கும் யாரோ ஒரு பெண் தற்செயலாகத் தன் வளையலை மேலே தள்ளுகிறாள். அந்த நேரம் ஒரு லாரி வருகிறது. அந்தக் குழந்தையை நான் கொல்லப் பார்த்தேன், அவர் தடுத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மிகையும் இல்லை.

திங்கட்கிழமை இரண்டு தாள்களையும் பேராசிரியர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள் வேணும்?" என்று மட்டும் கேட்டார். ஆறு வாரம் என்றேன். கொடுத்தார்.

அந்த ஆறு வாரமும் ஆத்தூர்க்காரர் என்னோடு வந்தார். பதிவேட்டுக்காக அவர் எடுத்துக்கொண்ட குழந்தை சேலத்திலேயே இருந்தது, அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார். ஆத்தூரிலிருந்து சேலம், சேலத்திலிருந்து மல்லசமுத்திரம், அப்புறம் திரும்பவும் ஆத்தூர். எனக்கு ஒரு உபகாரம் செய்கிற பாவனை ஒருநாளும் அவர் முகத்தில் இல்லை. "அவளுக்குக் காது நல்லா இருக்கு மேடம். நாம அதக் கேக்கவே இல்ல" என்றார். உண்மைதான். நான் அவளுக்குப் படம் போட்ட அட்டைகளாக அச்சிட்டுக் குவித்திருந்தேன். என் வளையல் சத்தத்தைப் பதினெட்டுப் படிக்கும் பிடித்து வைத்துக்கொண்ட காதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

யாருடைய சத்தமும் அல்லாமல் அவளுடையதாகவே ஒரு சத்தம் வேண்டும் என்றார். அம்மாவின் பழைய கைப்பேசியில் ஒன்பதே முக்காலுக்கு ஒரு மணியடிக்க வைத்தோம். மணியடிக்கும் வரை வாசலைத் தாண்டக் கூடாது, மணியடித்தால் செருப்பு. அங்கே தொடங்கினோம். சாலைக்கு அவரே வந்து அவள் பக்கத்தில் நின்றார். அங்கே லாரிகள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்கதவு தடதடவென்று அடிக்கும். அது அடித்து, ஓய்ந்து, தூரத்தில் கரைகிற வரை நிற்க வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். பிறகுதான் கால் வைக்க வேண்டும். அவர் நின்றால் அவளும் நின்றாள். இரண்டு பேரும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும்.

"பேட்டரி ஸ்கூட்டர் சத்தமே போடாதுங்களே சார்?" என்று சண்டைக்குப் போனேன்.

"அதுக்குத்தான் கண்ணு. என் ஒருத்தனுக்குத்தான் அது இல்ல, அவளுக்கு ரெண்டும் இருக்கே" என்றார். அவர் சொல்லிச் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் வாரா வாரம் தள்ளித் தள்ளி நின்றேன். முதலில் சந்து முனை, பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு சாலைக்கு அந்தப் பக்கம். வளையல் போடவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்காது, இல்லாத வளையலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஒரு குழந்தைக்கு உதவி செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. உதவி செய்யாமல் நிற்கக் கற்றுக்கொள்ளத்தான் உயிர் போயிற்று.

கடைசி நாள் அம்மா கதவைப் பூட்டாமல் விட்டுவிட்டுத் தறிக்குப் போயிருந்தார். நான் பள்ளிச் சுற்றுச்சுவருக்குப் பின்னால், அவள் கண்ணில் படாமல். அவர் வேகத்தடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளரோடு. ஒன்பதே முக்கால் தாண்டிச் சிறிது நேரத்தில் அவள் சந்து முனையில் வந்தாள். தொட்டியருகே திரும்பினாள். சாலையோரம் நின்றாள். ஒரு லாரி போயிற்று. ஒரு டெம்போ, இரண்டு பைக். தாராளமாகத் தாண்டலாம் என்று எனக்குத் தோன்றியபோதும் அவள் தாண்டவில்லை. தலையைச் சாய்த்தாள், நிமிர்ந்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவசரமில்லாமல் இந்தப் பக்கம் வந்து, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னைத் தேடவே இல்லை.

டீக்கடைக்குப் போனேன். அழுதுகொண்டே அவர் பக்கத்தில் நின்றேன். அவரே சொன்னார்: "செருப்புச் சத்தம் கேட்டுச்சு மேடம். வேற எதுவும் கேக்கல."

அன்று எங்கள் இரண்டு தாளும் ஒத்துப்போயின. அவரைப் போல் கவனிக்கிற ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. இப்போது அவர் ஒரு கல்லூரியில் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துகிறார். அந்தப் பிள்ளைகளையும் அதே கேள்வி கேட்டு வதைத்துக்கொண்டிருப்பார், சந்தேகமில்லை.

படிப்பு முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வேலையாக மல்லசமுத்திரம் போனேன். பன்னிரண்டரை மணி இருக்கும். அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சந்துக்குள் நுழைந்தால், கதவில் பூட்டு தொங்கியது. அதே பூட்டு.

எனக்கு மறுபடி கண்மண் தெரியவில்லை. கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன், ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். உள்ளே அசைவே இல்லை. அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, விடுவிடுவென்று பட்டறைக்குப் போனேன். வேகத்தைப் பார்த்ததுமே அவள் அம்மா தறியை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்கக்கா, மறுபடியும் பூட்டிட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் பூட்டலீங்க டீச்சர். அவதான் பூட்டிட்டுப் போயிட்டா."

எனக்குப் புரியவில்லை.

"ஊட்டைத் தொறந்து போட்டுட்டுப் போறாளேன்னு நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன். நீங்க பண்ணீங்களே, அதேமாரி. பிரிச்சுப் பிரிச்சு. தொடாம, பேசாம. நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னனுங்க. ரெண்டு மாசம் ஆச்சு. வாரதும் இப்பத் தனியாத்தானுங்க வாரா. வாங்க, ஊட்டுக்குப் போலாம், ஒரு மணிக்கு வந்துருவா."

பதினெட்டுப் படி எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பத்தொன்பதாவது படியை எழுதியவர், தலையில் பஞ்சுத் தூசியோடு எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் கத்திய முதல் நாளுக்கும் சேர்த்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்க இப்ப" என்றார்.

வீட்டு வாசலில் போய் நின்றோம். சாவி ஒன்றுதானாம், அது அவள் கழுத்தில் இருக்கிறதாம். வெயில் சுட்டது. அம்மா படியில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். சற்றைக்கெல்லாம் சந்து முனையில் அவள் வந்தாள். என் வலது கையில் அன்றைக்கு மூன்று வளையல் இருந்தன. இடது கையால் அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எங்களைப் பார்த்தாள். கழுத்திலிருந்த கயிற்றை இழுத்துச் சாவியை எடுத்து, இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை பூட்டுக்குள் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து, வழிவிட்டு, அவள் திறந்துவிடும் வரை வெளியே நின்றோம்.